கம்ப்யூட்டர் அளக்கும் காணி!

உழவர்கரைப் பத்திரங்களில் ஒரு விசேஷம் உண்டு. ஒரே மனைக்கு இரண்டு எண்கள்! ஒன்று ரீசர்வே எண். மற்றது பிரெஞ்சுக்காரர் காலத்துக் கதாஸ்தர் எண்.

அடுத்த கிராமத்திலும் அதே ரீசர்வே எண் இருக்கும். பத்திரத்தில் ஊர்ப் பெயர் தவறினால் வேறொருவர் மனையைக் காட்டிவிடும். பிறகென்ன, கோர்ட்டுப் படிதான்!

இதற்கு மருந்தாக மத்திய சர்க்கார் 2021-ல் ஒரு திட்டம் கொண்டுவந்தது. மனையின் மூலைகள் நிற்கும் அட்சரேகை, தீர்க்கரேகையைக் கொண்டு 14 இலக்க எண் தருவதே அது. ஓர் இடத்தில் ஒரு மனைதான் இருக்க முடியும். ஆகவே எண்ணும் ஒன்றுதான்.

உள்ளேயா, வெளியேயா?

ஒரு கிணறு யார் மனையில் இருக்கிறது? கம்ப்யூட்டருக்குக் கண் இல்லை. கிணற்றிலிருந்து ஒரே திசையில் நேர்கோடு போடுகிறது. அது எல்லையை வெட்டும் தடவைகளை எண்ணுகிறது. ஒற்றைப்படை என்றால் உள்ளே. இரட்டைப்படை என்றால் வெளியே.

கோடு சரியாக மூலையில் பட்டால்? இரண்டு எல்லைகள் அங்கே கூடுவதால் இரு தடவை எண்ணிவிடும். உள்ளே இருக்கும் கிணறு வெளியே போய்விடும்! அதனால் ஒவ்வொரு எல்லையிலும் கீழ் முனையை மட்டும் சேர்த்து, மேல் முனையை விட்டுவிடுவது வழக்கம்.

கணக்கு பிசகாது. ஆனால் அளவு பிசகினால் எண்ணும் பிசகும். எல்லைக்கல்லைச் சரியான இடத்தில் நடுவது இன்றும் மனிதன் பொறுப்புத்தான்!