இருள் உலகக் கதைகளும் இளைய வாசகரும்

பதினான்கு வயதுப் பிள்ளை ஒரு தடித்த ஆங்கில நாவலைக் கையில் எடுத்துக்கொண்டு கூடத்தின் ஒரு மூலையில் அமர்ந்துவிட்டால், பெற்றோர் பெரும்பாலும் மகிழ்ச்சியே அடைவர். ஆனால், கதை என்னவென்று கேட்டு, "இருபத்துநான்கு சிறுவர் சிறுமியரை ஓர் அரங்கில் விட்டு, ஒருவர் மட்டும் எஞ்சும்வரை ஒருவரையொருவர் கொல்லும்படி அரசாங்கமே ஏவுகிறது, அதை நாடே திரையில் பார்க்கிறது" என்று விடை வந்தால், அந்த மகிழ்ச்சி நிலைக்குமா? நமக்கு நிலைக்கவில்லை. இத்தகைய கதைகள் பிள்ளைகளின் கையில் இருக்கத்தான் வேண்டுமா என்ற ஐயம் எழுந்தது. படிக்காமல் தீர்ப்புச் சொல்வது முறையன்று. ஆதலால் அந்நூல்களை நாமே ஒன்றன்பின் ஒன்றாகப் படித்தோம். அவற்றில் நாம் வியந்தவற்றையும், ஒப்பாதவற்றையும், இறுதியில் நாம் வந்தடைந்த கருத்தையும் நேயர்களுக்கு எடுத்துரைப்பதே இப்பேச்சின் நோக்கம்.

இவ்வகைக் கதையின் பிறப்பை முதலில் அறிந்துகொள்வது நலம். 1516ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டு அறிஞர் தாமஸ் மோர், 'யுடோப்பியா' என்னும் கற்பனைத் தீவு ஒன்றைப் படைத்தார். கிரேக்கச் சொற்களால் ஆன அப்பெயருக்கு 'இல்லாத இடம்' என்பது பொருள். குறைகள் நீங்கிய சமுதாயத்தைக் கற்பனை செய்யும் நூல்கள் அதன் பின்னர் பல தோன்றின. நம் நாட்டிலும் அத்தகையதொன்று உண்டு. வங்கத்தைச் சேர்ந்த ரொக்கையா பேகம், பெண்கள் நாடாள, ஆண்கள் வீட்டினுள் இருக்க, கதிரவனின் வெப்பத்தால் சமையல் நடைபெறும் ஓர் உலகை 'சுல்தானாவின் கனவு' என்னும் கதையில் வரைந்தார். அது 1905ஆம் ஆண்டில், சென்னையிலிருந்து வெளிவந்த ஓர் ஆங்கில மாதர் இதழில் வெளியாயிற்று.

இன்ப உலகக் கற்பனைக்கு மறுதலையாக எழுந்ததே 'டிஸ்டோபியா' எனப்படும் இருள் உலகக் கற்பனை. இங்கே ஒன்றைக் கருத்தில் கொள்ள வேண்டும். இருள் உலகத்தை ஆள்வோர் தம்மைக் கொடியவர் என்று கருதுவதில்லை. மக்களுக்கு வேண்டிய அமைதியையும் ஒழுங்கையும் தந்துவிட்டதாகவே அவர்கள் நம்புகின்றனர். இன்ப உலகம் அமைக்கப் புறப்பட்டவர்கள் எதை விலையாகக் கொடுத்தார்கள் என்று கணக்குக் கேட்பதே இக்கதைகளின் வேலை.

ருஷ்ய எழுத்தாளர் சம்யாத்தின், 1920, 1921ஆம் ஆண்டுகளில் 'நாங்கள்' என்னும் நாவலை எழுதினார். அதில் மனிதர்க்குப் பெயர் இல்லை, எண்களே உண்டு. வீட்டுச் சுவர்கள் கண்ணாடியால் ஆனவை. 1924இல் அந்நூல் ஆங்கிலத்தில் வந்துவிட்டது; அவருடைய தாய்நாட்டிலோ 1988 வரை அச்சேறவில்லை. 1932இல் ஆல்டஸ் ஹக்ஸ்லி எழுதிய 'பிரேவ் நியூ வோர்ல்ட்' நாவலில், துயரம் தோன்றும்போதெல்லாம் மாத்திரை ஒன்றை விழுங்கி மக்கள் அதை மறக்கின்றனர். 1949இல் வெளிவந்தது ஜார்ஜ் ஆர்வெல்லின் 'ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்துநான்கு'.

ஆர்வெல் நமக்கு முற்றிலும் அயலார் அல்லர். அவர் 1903இல் பீகாரைச் சேர்ந்த மோதிஹாரியில் பிறந்தவர். 1941 முதல் 1943 வரை, பிரிட்டிஷ் ஒலிபரப்பு நிறுவனத்தின் கிழக்குப் பிரிவில் அமர்ந்து, இந்திய நேயர்களுக்கான பேச்சுகளைத் தயாரித்தவர். சொல்லின் வலிமையை நாள்தோறும் கையாண்டு பார்த்த அந்த மனிதர், தம் நாவலில் ஒரு விந்தையான அகராதியைப் படைத்தார். மற்ற அகராதிகள் பதிப்புக்குப் பதிப்பு பருக்கும். இதுவோ பதிப்புக்குப் பதிப்பு இளைக்கும். சொல் ஒன்று ஒழிந்தால் அச்சொல்லுக்குரிய எண்ணமும் நாளடைவில் ஒழியும் என்பது அந்நாட்டு ஆட்சியாளரின் கணக்கு. அந்த நாவலில் வரும் சித்திரவதைக் காட்சிகளைவிட, அமைதியாகச் சொல்லப்படும் இந்த அகராதிச் செய்தியே நம்மை அதிகம் அச்சுறுத்தியது.

மேற்சொன்னவை முதியோர்க்கென எழுதப்பட்டவை. அமெரிக்காவில் இளைஞரின் வாழ்வை ஒளிக்காமல் அவர்களுக்கே சொல்லும் நாவல் ஒரு தனித்துறையாக வளர்ந்தது. 1967இல் எஸ். இ. ஹின்டன் எழுதிய 'தி அவுட்சைடர்ஸ்' அத்துறையின் தொடக்கமாகப் பலராலும் கருதப்படுகிறது. பள்ளி மாணவியாக இருக்கையில் அவர் எழுதிய அந்நூல் வெளிவந்தபோது அவருக்கு வயது பதினெட்டு. அந்த இளையோர் நாவலும் இருள் உலகக் கற்பனையும் பின்னர் ஒன்று கலந்தன. அவ்வாறு கலந்தவற்றுள் இரண்டைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறுவோம்.

முதலாவது, லோயிஸ் லோரி 1993இல் எழுதிய 'தி கிவர்'. சிறுவர் இலக்கியத்துக்கு அமெரிக்காவில் வழங்கப்படும் நியூபெரி பதக்கத்தை அடுத்த ஆண்டில் பெற்றது. இதில் வரும் ஊரில் பசி இல்லை, போர் இல்லை, பொறாமை இல்லை. நிறங்களும் இல்லை. பன்னிரண்டாம் வயதில் ஒவ்வொருவருக்கும் தொழில் ஒதுக்கித் தரப்படுகிறது. ஜோனஸ் என்னும் சிறுவனுக்கு வாய்ப்பது, நினைவுகளை ஏற்கும் பணி. ஊரார் அனைவரும் மறந்துவிட்ட பழைய உலகின் பனியையும் வெயிலையும், போரையும் பாசத்தையும், ஒரு முதியவரிடமிருந்து அவன் ஒருவன் பெற்றுக்கொள்ள வேண்டும். அன்பு என்பது இன்னதென்று அவ்வாறு அறிந்துகொண்ட சிறுவன், வீட்டுக்கு வந்து, தன்மீது அன்பு உண்டா என்று பெற்றோரைக் கேட்கிறான். அவர்கள் நகைக்கின்றனர். அது வழக்கொழிந்த சொல், பொருள் தெளிவற்றது என்று திருத்துகின்றனர். அவர்கள் கொடியவர் அல்லர். அவர்களிடம் அச்சொல் இல்லை, அவ்வளவே. இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு நாம் நெடுநேரம் மேலே செல்லவில்லை.

ஆசிரியை இக்கதையின் தோற்றம்பற்றிக் கூறியதும் நினைக்கத்தக்கது. அவருடைய வயது முதிர்ந்த தந்தைக்கு நினைவு குன்றிவந்தது. இளம் வயதிலேயே இறந்துபோன தம் மூத்த மகளின் படத்தைப் பார்த்து, அவளுக்கு என்ன நேர்ந்தது என்று அவர் கேட்டாராம். மறதி அந்தத் தந்தைக்குத் துயரமின்மையைத் தந்தது. அதற்கு விலையாக மகளின் நினைவையே வாங்கிக்கொண்டது.

இரண்டாவது, நாம் தொடக்கத்தில் குறித்த கதை. சூசன் காலின்ஸ் எழுதிய 'தி ஹங்கர் கேம்ஸ்' 2008இல் வெளிவந்தது. அடுத்த இரண்டாண்டுகளில் இரு பாகங்கள் தொடர்ந்தன. தலைநகரம் ஒன்று பன்னிரண்டு மாவட்டங்களை அடக்கி ஆள்கிறது. ஆண்டுதோறும் மாவட்டத்துக்கு ஒரு சிறுவனும் ஒரு சிறுமியும் சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுக்கப்பட்டு அரங்குக்கு அனுப்பப்படுகின்றனர். இதைக் கேட்டவுடன் நாம் முகம் சுளித்தோம். படித்தபோது, குருதிக் காட்சிகளைவிட ஒரு சிறு விதியே நம் கண்ணில் பட்டது. வறுமையில் வாடும் பிள்ளை, குலுக்கலில் தன் பெயரை மேலும் ஒருமுறை சேர்க்க ஒப்புக்கொண்டால், ஓர் ஆளுக்கு ஓராண்டுக்கான தானியமும் எண்ணெயும் கிடைக்கும். அப்பெயர்கள் ஆண்டுக்காண்டு கூடிக்கொண்டே போகும். பதினாறு வயதுக் கதாநாயகி காட்னிஸின் பெயர் அவ்வாறு இருபது சீட்டுகளில் இருக்கிறது. அவளுடைய நண்பனின் பெயர் நாற்பத்திரண்டில். குலுக்கல் எல்லார்க்கும் பொதுவானது என்று அரசு சொல்லிக்கொள்ளலாம். பசித்தவன் பெயரே அதில் மிகுதியாக விழும். சட்டம் நடுநிலையாகத் தோன்றியும் ஏழைக்கு மட்டும் சுமையாவது எவ்வாறு என்பதைப் பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு இதனினும் எளிதாக விளக்க முடியும் என்று நமக்குத் தோன்றவில்லை.

தொலைக்காட்சியில் இளைஞர்களின் போட்டி நிகழ்ச்சியையும் போர்க்களக் காட்சியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தபோது இக்கதை உதித்ததாக ஆசிரியை கூறியிருக்கிறார். ஆதலின், இக்கதை கொல்வோரைவிடப் பார்த்திருப்போரையே அதிகம் குற்றம் சாட்டுகிறது. வாசகர் எல்லாரும் தம்மைக் காட்னிஸாகவே எண்ணிக்கொள்வர். தலைநகரத்தில் சாய்ந்தமர்ந்து தின்பண்டத்துடன் திரையைப் பார்ப்பவரின் இருக்கையில் நாம் இருக்கிறோமா என்று கேட்பவர் சிலரே. அந்தக் கேள்வி நம்மைச் சுட்டது என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

மூன்றாம் பாகத்தில் இன்னும் முதிர்ந்த சிந்தனை ஒன்று உண்டு. கொடுமையை எதிர்த்து எழுந்த கிளர்ச்சியின் தலைவியே, வென்றபின், தலைநகரத்துப் பிள்ளைகளைக் கொண்டு அதே கொலைப் போட்டியை நடத்தலாம் என்கிறாள். எதிரியின் ஆயுதத்தை எடுத்தவர் எதிரியாகவே மாறிவிடும் அபாயத்தை இளையோர்க்கு உரைப்பது சிறிய தொண்டன்று.

இனி, நாம் ஒப்பாதவற்றைக் கூறாவிடில் நடுநிலை ஆகாது. இந்நூலின் வெற்றிக்குப்பின் அதே அச்சில் வார்த்த நாவல்கள் பல வந்து குவிந்தன. எங்கும் ஒரு பெண், அவளை விரும்பும் இரு இளைஞர். எங்கும் மூன்று பாகங்கள். 2011இல் வெரோனிகா ராத் எழுதிய 'டைவர்ஜென்ட்', மக்களை ஐந்து குணங்களுக்கு ஐந்து பிரிவாக வகுத்துவிடுகிறது. ஒரே குணத்தால் ஆன மனிதன் இல்லை என்பதை உணர்த்துவதே ஆசிரியையின் நோக்கம் எனினும், அந்த அமைப்பு ஒருநாளேனும் நின்றிருக்கும் என்று நம்மால் நம்ப இயலவில்லை. மேலும், இவற்றுள் பல, பிறவியிலேயே தனிச்சிறப்புக் கொண்ட ஒருவரால்தான் உலகம் மீளும் என்கின்றன. சாதாரண மனிதர் பலர் சேர்ந்து செய்யும் பொறுமையான பணி இக்கதைகளில் போதிய இடம் பெறவில்லை. இதனைப் பிள்ளைகளிடம் எடுத்துச் சொல்லுதல் நம் கடமை.

இத்தகைய நூல்கள் பிள்ளைகளின் உள்ளத்தில் அவநம்பிக்கையை விதைக்குமோ? அமெரிக்காவிலேயே 'தி கிவர்' நூலைப் பள்ளிகளிலிருந்து நீக்க வேண்டும் என்று பெற்றோர் சிலர் பலமுறை கோரியுள்ளனர். அவர்களுடைய கவலையை நாம் எள்ளி நகையாட மாட்டோம். அதே கவலையுடன்தான் நாமும் தொடங்கினோம். ஆயினும், அனுபவம் வேறு விதமாக இருக்கிறது. காட்னிஸின் மாவட்டத்தார் அன்புக்குரியவர்க்கு மூன்று விரல்களை உயர்த்தி விடை கொடுப்பர். 2014இல் தாய்லாந்தில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியபோது, அதை எதிர்த்தோர் அந்த மூன்று விரல்களை வீதியில் உயர்த்தினர். அவ்வாறு உயர்த்தினால் கைது செய்யப்படுவர் என்று இராணுவ ஆட்சி எச்சரித்தது. 2021இல் மியான்மரிலும் அச்சைகை எழுந்தது. ஒரு கதைப் புத்தகம் இளைஞரைச் சோம்பிக் கிடக்கச் செய்யவில்லை என்பதற்கு இது சான்று.

தமிழகத்துக்கு வெளியே, தில்லியிலும் மும்பையிலும் பெங்களூரிலும் பிள்ளைகளை வளர்க்கும் நேயர்களுக்கு நாம் தனியே கூற விரும்புவது ஒன்று உண்டு. ஆர்வெல்லின் அகராதியை ஓர் அரசு இளைக்கச் செய்தது. நம் இல்லங்களில் எந்த அரசும் ஆணையிடவில்லை. ஆயினும், மாமா, சித்தப்பா, பெரியப்பா ஆகிய மூவரும் 'அங்கிள்' என்னும் ஒரு சொல்லுக்குள் அடங்கிவிட்டனர். அத்தை, சித்தி, பெரியம்மா யாவரும் 'ஆன்ட்டி' ஆயினர். இதில் கொடுங்கோன்மை எதுவும் இல்லை. வசதி ஒன்றே காரணம். ஜோனஸின் பெற்றோரும் வசதிக்காகவே ஒரு சொல்லை இழந்தனர் என்பதை நினைவூட்டுகிறோம். வேற்றுமொழிகளைக் கற்பது பிள்ளைகளுக்குச் செல்வமே. அதற்காக உள்ள செல்வத்தை வெளியே எறிய வேண்டுவதில்லை.

ரே பிராட்பரி 1953இல் எழுதிய 'ஃபாரன்ஹீட் 451' நாவலில் நூல்களைக் கொளுத்துவதே அரசின் தொழில். அதிலிருந்து தப்பியோர் காட்டோரத்தில் கூடுகின்றனர். ஆளுக்கொரு நூலாக மனத்தில் ஏந்திப் பிறர்க்குச் சொல்லிக் கொடுக்கின்றனர். மனனம் செய்து நூலைக் காத்த மரபு நமக்குப் புதிதன்று. ஆதலின், பிள்ளையின் கையிலிருந்து அந்நாவலைப் பறிக்க வேண்டா. அவன் முடித்தபின் நமக்குத் தருமாறு கேட்போம். இரவு உணவின்போது அக்கதையைத் தமிழில் சொல்லுமாறும் கேட்போம். சொல்லும்போது அவனுக்குச் சில தமிழ்ச் சொற்கள் அகப்படாமல் போகும். அவ்விடத்தில் அச்சொல்லை நாம் எடுத்துக் கொடுப்போமாக.