புனையா ஓவியமும் பென்சில் உருவங்களும்

பத்துப்பாட்டுள் ஒன்றான நெடுநல்வாடையில், பாசறையிலுள்ள அரசனைப் பிரிந்து வருந்தும் அரசிக்குப் 'புனையா ஓவியம்' உவமையாகின்றது. மணிமேகலையிலும் இத்தொடர் உண்டு. வண்ணந் தீட்டாது கோட்டளவில் நின்ற ஓவியம் என்பது பொருள். வகுப்பறையில் இதனை 'முற்றுப்பெறாத ஓவியம்' என்று கூறிக் கடந்துவிடுகிறோம். அவ்வாறு கூறின் உவமையின் உயிர் போய்விடும். அரசியிடம் குறைந்தவை அணிகள். அவை குறைந்தமையாற்றான் அவள் மேனியும் துயரும் மறைப்பின்றிப் புலனாகின்றன.

இதனை மாணவர்க்குக் கண்கூடாகக் காட்ட, மலேசிய ஓவியர் அம்ரோன் ஓமாரின் பென்சில் உருவங்கள் துணைபுரியும். 1957இல் அலோர் ஸ்டாரில் பிறந்து மாரா தொழில்நுட்பக் கழகத்தில் பயின்ற இவர், சீலாட் என்னும் மலாய்த் தற்காப்புக் கலையையே பல்லாண்டுகளாக வரைந்து வருபவர். 'பெர்தாருங்கான்', அதாவது 'மோதல்', என்ற வரிசை இவருக்குப் பெரும்புகழ் ஈட்டித் தந்தது. எண்ணெய் வண்ண ஓவியங்களும் அவற்றுள் அடங்குமெனினும், நம் நோக்கிற்குப் பென்சில் உருவங்களே ஏற்றவை.

பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் கடைத்தெருக்களில் நாம் காணும் தெய்வப் படங்களில் முகமும் வண்ணமுமே முதலில் கண்ணை ஈர்க்கும். வழிபாட்டுப் படத்திற்கு அது வேண்டுவதே. பென்சில் உருவத்தை அப்பழக்கத்தோடு அணுகினால் ஏமாற்றமே எஞ்சும். இங்கு நோக்கவேண்டியது கோட்டின் அழுத்தம். 'எச்' வகைப் பென்சில் வெளிறிய, கூரிய கோட்டைத் தரும். 'பி' வகை கருமையும் மென்மையும் உடையது. உடலின் பாரம் முழுவதும் ஒரு காலில் இறங்கும்போது அக்காலின் கோடு தடித்துக் கறுக்கலாம். ஓங்கிய கையின் கோடு மெலிந்து தாளிலேயே கரைந்துவிடலாம். ஒளிபடும் தோளுக்கு ஓவியர் எதனையும் தீட்டுவதில்லை. வெறுந்தாளே அங்கு ஒளியாகின்றது. திருத்திய கோட்டின் தடம் எஞ்சியிருப்பின் அதனையும் பிழையெனக் கொள்ளல் ஆகாது. உடல் அசைந்த வழியை அது காட்டும்.

பெருமிதம் என்னும் மெய்ப்பாட்டிற்குக் கல்வி, தறுகண், இசைமை, கொடை என நான்கு நிலைக்களன்களைத் தொல்காப்பியர் கூறுவர். சீலாட் வீரனின் உருவில் முன்னிரண்டும் பிரிக்கவியலாது கலந்துள்ளன. அவனுடைய தறுகண் பயின்று பெற்றது. வீரனின் முகத்தை ஒரு தாளால் மறைத்துவிட்டு மாணவரைப் பார்க்கச் சொல்லலாம். தோளிலும் இடையிலும் ஊன்றிய பெருவிரலிலும் அம்மெய்ப்பாட்டை அவர்களே கண்டுகொள்வர்.