‘டுப் டுப்’ பிறக்கும் இடம்

“அண்ணே, பழைய புல்லட் மாதிரி டுப் டுப்புனு கேக்கணும். நல்ல சைலன்ஸரா ஒண்ணு மாட்டி விடுங்க” என்று வியாசர்பாடியில் இருக்கும் என் பட்டறைக்கு யாராவது வந்துகொண்டே இருப்பார்கள். வந்து நிற்கும் வண்டி பெரும்பாலும் 150 சிசி. “சைலன்ஸர் மாத்தினா சத்தம் வரும் தம்பி, டுப் டுப் வராது” என்றால், காசு பிடுங்கத் தெரியாத மெக்கானிக் என்று நினைத்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள்.

சிலிண்டருக்குள் பெட்ரோல் எரிகிற சத்தம் அப்படியே நம் காதுக்கு வருவதில்லை. எரிந்த புகையை வெளியேற்ற எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும்போது உள்ளே இன்னும் அழுத்தம் மிச்சமிருக்கும். அது குழாய்க்குள் குபீரென்று பாய்வதுதான் ஒரு ‘டுப்’. சைலன்ஸர் அதை அடக்கும், கனமாக்கும், கரகரப்பாக்கும். ஆனால் ஒரு டுப்புக்கும் அடுத்ததற்கும் எவ்வளவு இடைவெளி என்பது, பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் கிராங்க் எடுக்கிற முடிவு.

திருவொற்றியூரில் வார்த்த அந்தப் பழைய புல்லட் 350-ஐ எடுத்துக்கொள்வோம். ஒரே சிலிண்டர், 346 சிசி. போர் 70 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 90. குறுகலான, உயரமான சிலிண்டர். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால்தான் ஒரு தடவை எரியும். ஐட்லிங்கில் நிமிடத்துக்கு 900 சுற்று என்றால் வினாடிக்கு ஏழரை டுப். வினாடிக்கு ஏறக்குறைய இருபதைத் தாண்டினால் காதுக்குத் தனித்தனியாகப் பிரிக்க வராது, ஒரே இழுவையாகிவிடும். புல்லட்டே 2,400 சுற்றைத் தொட்டால் அந்த எல்லைக்கு வந்துவிடும். புல்லட்காரர்கள் தெருமுனையில் மெதுவாக உருட்டிக்கொண்டு போவது சும்மா இல்லை!

அவ்வளவு மெதுவாக ஓடியும் அது அணைந்து போகாமல் இருப்பதற்குக் காரணம் உள்ளே இருக்கும் கனத்த பிளைவீல். ஒரு தடவை எரிந்ததில் கிடைத்த வேகத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, அடுத்தது எரியும் வரை கிராங்கை அதுதான் இழுத்துக்கொண்டு போகிறது. 150 சிசி வண்டியில் பிளைவீல் லேசு, ஒவ்வொரு தடவை எரிவதும் சின்னது. ஐட்லிங்கை இறக்கினால் நின்றுவிடும். அதில் எந்தச் சைலன்ஸரை மாட்டி என்ன செய்ய?

பழைய வார்ப்பிரும்பு இன்ஜின்காரர்களிடம் வேறொரு ஆசை உண்டு. பாயிண்ட் பிளேட்டை மயிரிழை திருப்பி, தீப்பொறியைத் தாமதமாக விழவைத்து, ஐட்லிங்கையும் இறக்கச் சொல்வார்கள். டுப்... டுப்... என்று இடைவெளி விட்டு அடிக்கும், கேட்க ஜோராகத்தான் இருக்கும். ஆனால் இன்ஜின் சூடேறும். ஆயில் பம்பும் கிராங்கோடு சேர்ந்து சுற்றுகிற சாமான்தான். கிராங்க் மந்தமானால், கனெக்டிங் ராடு கிராங்கோடு சேரும் பிக்எண்டுக்குப் போகிற ஆயிலும் குறையும். பிக்எண்டு தேய்ந்தால் அதற்கும் ஒரு சத்தம் உண்டு. அதை யாரும் ரசிப்பதில்லை.

ஆர்எக்ஸ் 100-க்கு இந்தக் கதையே கிடையாது. 98 சிசி, டூ ஸ்ட்ரோக், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை எரியும். 6,000 சுற்றில் வினாடிக்கு நூறு. அதை யார் எண்ணுவது? ‘ங்ங்ஈ’ என்ற இழுவைதான்.

எனக்கு வேடிக்கையாகப் படுவது ஹார்லி. 45 டிகிரியில் விரிந்த இரண்டு சிலிண்டர்கள், கிராங்கில் இருவருக்கும் ஒரே பின். ஒன்று எரிந்து 315 டிகிரி சுற்றியதும் அடுத்தது எரியும், அதன்பின் 405 டிகிரி ஓய்வு. ஒரு கால் நீளம், ஒரு கால் குட்டை என்றிருப்பவர் நடந்து வருகிற மாதிரி ஒரு தாளம். 1994-இல் இந்தச் சத்தத்தையே தன் வணிக முத்திரையாகப் பதிவு செய்யக் கேட்டு விண்ணப்பித்தது அந்தக் கம்பெனி. எங்கள் வி-ட்வினும் இப்படித்தானே கேட்கும் என்று போட்டிக் கம்பெனிகள் மல்லுக்கட்ட, 2000-இல் விண்ணப்பத்தை வாபஸ் வாங்கிக்கொண்டது. போட்டிக்காரர்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது என்பேன். அதே கோணம், அதே ஒற்றைப் பின் என்றால் அதே தாளம்தான் வந்தாக வேண்டும்.

கிராங்கின் கைவரிசையைக் காதாலேயே கேட்க வேண்டுமானால் என்ஃபீல்டு 650 பக்கத்தில் போய் நில்லுங்கள். 1960-களில் வந்த என்ஃபீல்டின் இண்டர்செப்டரிலும் இதேபோல் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சிலிண்டர்கள். ஆனால் இரண்டு பிஸ்டன்களும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும், 360 டிகிரிக்கு ஒன்று என்று சீராக எரியும். 2018-இல் வந்த 648 சிசி இன்ஜினில் கிராங்க் பின்களை 270 டிகிரி தள்ளி வைத்துவிட்டார்கள். ஒரு பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மற்றது பாதி வழியில் ஓடிக்கொண்டிருக்கும், அதனால் அதிர்வும் மட்டுப்படுகிறது. எரிகிற இடைவெளி 270, பிறகு 450. இரண்டு சிலிண்டரும் நேராக நின்றாலும், காதை மட்டும் நம்பினால் 90 டிகிரி வி-ட்வின் என்றே சத்தியம் செய்யலாம், ஏனென்றால் டுகாட்டியின் வி-ட்வினிலும் கணக்கு இதேதான்.

அந்த 650-க்கும் ‘பழைய புல்லட் சவுண்டு’ கேட்டுச் சிலர் வருகிறார்கள்.