முடிவின்றிப் பெருகும் நரம்புக் குருத்தணுக்கள்

மூளையின் நரம்பணுக்களையும் அவற்றைத் தாங்கும் துணை உயிரணுக்களையும் தோற்றுவிக்கவல்ல நரம்புக் குருத்தணுக்கள், ஆய்வகக் கிண்ணத்தில் சில காலம் பெருகிய பின் அத்திறனை மெல்ல இழப்பதால், ஒரே இயல்புடைய உயிரணுக்களை ஆண்டுக்கணக்கில் ஆராய விரும்புவோர் அவற்றுக்கு முடிவில்லாப் பெருக்கத்தை ஊட்ட வேண்டியுள்ளது. இதற்கெனத் தன்னைத்தானே பெருக்கிக்கொள்ள இயலாதவாறு மாற்றப்பட்ட ரெட்ரோவைரஸ் ஒன்றின் வழியாக, உயிரணுப் பிளவைத் தூண்டும் ‘மிக்’ என்னும் மரபணு டிஎன்ஏவில் செருகப்படுகிறது. அதே மரபணு கட்டுமீறினால் புற்றுநோய்க்கும் வழிவகுக்கும் என்பதே இம்முறையின் பேரிடர்.

அந்த இடரைக் கருதிச் செய்யப்பட்ட அழகிய ஏற்பாட்டை, மனிதக் கருவின் மூளைப் புறணியிலிருந்து பிரிட்டனில் உருவாக்கப்பட்ட ‘சிடிஎக்ஸ்0இ03’ உயிரணு வரிசையில் காணலாம். அதில் மிக் புரதம், ஈஸ்ட்ரோஜன் ஏற்பியின் மாற்றியமைக்கப்பட்ட பகுதி ஒன்றுடன் இணைக்கப்பட்டிருப்பதால், 4-ஹைட்ராக்ஸிடமாக்சிஃபென் என்னும் வேதிப்பொருள் வளர்ப்புக் கரைசலில் இருக்கும்வரை மட்டுமே செயல்படுகிறது. அதையும் வளர்ச்சிக் காரணிகளையும் நீக்கினால் உயிரணுக்கள் பெருக்கத்தை நிறுத்தி, நரம்பணுக்களாகவும் ஆஸ்ட்ரோசைட் எனப்படும் துணை உயிரணுக்களாகவும் முதிர்கின்றன. 2010இல் கிளாஸ்கோவில் தொடங்கிய சோதனையில், பக்கவாதத்தால் நெடுநாள் முடங்கியிருந்த 11 ஆண்களின் மூளைக்குள் இவை செலுத்தப்பட்டன. உயிரணுக்களால் விளைந்த தீங்கு எதுவும் பதிவாகவில்லை என்பது பெரிய ஆறுதலே, எனினும் ஒப்பீட்டுக் குழு இல்லாத அச்சிறு சோதனை சிகிச்சையின் பயனை நிறுவப் போதாது.