புது எடிஷன் வந்துடுச்சு, பழைய புக் என்ன ஆகும்? ஒரு விளையாட்டுக்கு 12,750 ரூபாய் கணக்கு



மொபைல் அப்கிரேடு பத்தி நம்ம சேனல்ல நிறைய பேசியாச்சு. இந்த வாரம் பேசப்போறது ஒரு விளையாட்டோட ரூல் புக் அப்கிரேடு பத்தி. "இதுல என்ன ஃபைனான்ஸ் இருக்கு?"ன்னு உடனே ஸ்க்ரோல் பண்ணிடாதீங்க. நான் இதுவரைக்கும் அப்கிரேடு கணக்கைத் தப்பாத்தான் போட்டுட்டு இருந்திருக்கேன்னு எனக்குப் புரிய வெச்சதே இந்த விளையாட்டுதான்.

விளையாட்டோட பேரு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். சுருக்கமா டி அண்ட் டி. நாலஞ்சு பேர் ஒரு மேஜையைச் சுத்தி உட்காருவாங்க. அதில் ஒருத்தர் டன்ஜன் மாஸ்டர், அதாவது டி.எம். அவர் கதையை நடத்துவார். மத்தவங்க ஆளுக்கொரு கதாபாத்திரம். வாள் வெட்டு விழுந்ததா, பூட்டு திறந்ததாங்கிறதை இருபது முகம் உள்ள பகடை முடிவு பண்ணும். 1974-ல அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன்னு ரெண்டு பேர் உருவாக்கினது. முதல் பதிப்பில் அச்சடிச்சது 1,000 பெட்டி, விலை 10 டாலர்.

எங்க ஆபீஸ் கேங்கில் அஞ்சு பேர் சனிக்கிழமை சாயங்காலம் இதை விளையாடுறோம். வெச்சிருக்கிறது 2014-ல வந்த ஐந்தாம் எடிஷன். அந்த எடிஷனைத் திருத்தி புது புக் மூணு வந்திருக்கு. பிளேயர்ஸ் ஹேண்ட்புக் 2024 செப்டம்பர்ல, டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடு நவம்பர்ல, மான்ஸ்டர் மேனுவல் 2025 பிப்ரவரியில. அமெரிக்க விலை ஒவ்வொண்ணும் 49.99 டாலர். டாலருக்கு 85 ரூபாய்னு வெச்சா மூணும் சேர்த்து கிட்டத்தட்ட 12,750 ரூபாய். ஷிப்பிங் தனி.

"மச்சி, எல்லாரும் புதுசுக்கு மாறிட்டாங்க. நாம மட்டும் பழசுலயே இருக்கோம்"னு எங்க டி.எம். ஆரம்பிச்சார். அடுத்த வாரமே கிரெடிட் கார்டுல நோ காஸ்ட் இ.எம்.ஐ. போடலாம்னு கார்ட்டில் சேர்த்துட்டார். அவர் வீட்டில் அப்போ தங்கச்சி கல்யாணச் செலவு ஓடிக்கிட்டு இருந்தது. எமர்ஜென்சி ஃபண்டில் கை வெச்சு மூணு மாசம் ஆகியிருந்தது. இதெல்லாம் எங்களுக்கு அப்புறம்தான் தெரிஞ்சது.

ஒரு மணி நேரத்துக்கு 21 ரூபாய்ங்கிற பொய்

அவர் சொன்ன கணக்கு இது. வாரம் 3 மணி நேரம், வருஷத்துக்கு 40 வாரம், அஞ்சு பேர். மொத்தம் 600 மணி நேரம். 12,750-ஐ 600-ஆல வகுத்தா ஒரு ஆளுக்கு ஒரு மணி நேரத்துக்கு 21 ரூபாய் சொச்சம். சினிமா டிக்கெட், பாப்கார்னோட ஒப்பிட்டா இது சும்மா மாதிரி!

கணக்கு சரிதான். ஆனா கேள்வி தப்பு. அந்த 600 மணி நேர சந்தோஷம் பழைய புக்கிலேயே நமக்குக் கிடைச்சுக்கிட்டுத்தான் இருக்கு. 12,750 ரூபாய் வாங்கித்தரப்போறது அதுக்கு *மேல* வரப்போற கொஞ்சத்தை மட்டும்தான். ஒரு புக்கும் இல்லாதவருக்கு 21 ரூபாய் கணக்கு நியாயம். நமக்கு அது செல்லாது. வேலை செய்யுற மொபைலை மாத்தும்போது "ஒரு நாளைக்கு 60 ரூபாய்தானே ஆகுது"ன்னு சொல்றோமே, அங்கேயும் இதே ஓட்டைதான்.

அப்போ அந்த "மேல வர்ற கொஞ்சம்" எவ்வளவு? இந்த விளையாட்டுக்குப் புது எடிஷன் நிஜமாவே தேவைப்பட்டதா?

தேவைப்பட்ட காலமும் உண்டு

1989-ல வந்த இரண்டாம் எடிஷன்ல 'தாக்கோ'ன்னு ஒரு சமாச்சாரம் இருந்தது. அதில் எதிரியோட கவச எண் எவ்வளவு குறைவோ அவ்வளவு பலமான கவசம். உங்க தாக்கோ 16, எதிரி கவசம் 3-ன்னா, 16-ல 3-ஐக் கழிச்சு 13 அல்லது அதுக்கு மேல பகடையில் விழணும். கவசம் மைனஸ்லயும் போகும். ராத்திரி பதினோரு மணிக்கு, பாதித் தூக்கத்தில், மைனஸ் 2-ஐக் கழிக்கச் சொன்னா யாருக்கு வரும்?

2000-ல மூணாம் எடிஷன் இதைத் திருப்பிப் போட்டுச்சு. கவச எண் கூடினா பலம் கூடும். பகடையில் விழுந்ததோட உங்க போனஸைக் கூட்டுங்க, கவச எண்ணை எட்டினா வெட்டு விழும். அதே எதிரிக்கு இப்போ கவசம் 17, உங்க போனஸ் 4. வேண்டியது அதே 13. வாய்ப்பு துளிகூட மாறல, ஆனா ஒரு புது ஆளுக்கு ரெண்டு நிமிஷத்தில் சொல்லிக் கொடுத்துடலாம். விளையாட்டுக்கே ஒரு எடிஷன் தேவைப்பட்டதுன்னா அது இதுதான்னு நான் சொல்வேன்.

அதுக்கப்புறம் நடந்ததைப் பாருங்க. 2003-லயே 3.5 வந்துடுச்சு. வாங்கி மூணே வருஷம் ஆன புக்கை மறுபடி வாங்கணும்னா யாருக்குத்தான் எரிச்சல் வராது? 2008-ல நாலாம் எடிஷன் விளையாட்டையே தலைகீழா மாத்திச்சு. அது பிடிக்காதவங்களுக்காக 2009-ல பைசோங்கிற வேற கம்பெனி, 3.5 ரூல்ஸை அடிப்படையா வெச்சு பாத்ஃபைண்டர் விளையாட்டைக் கொண்டுவந்துச்சு. ஒரு பெரிய கூட்டம் அந்தப் பக்கம் போயிடுச்சு. எடிஷன் மாத்துறது கம்பெனிக்கும் ரிஸ்க்தான்.

அப்புறம் ஏன் மாத்துறாங்க? பிசினஸ் பக்கம் இருந்து யோசிங்க. ரூல் புக் தேயாது, பேட்டரி போகாது. ஒரு தடவை வித்தா 20 வருஷம் ஓடும். 1999-ல இருந்து டி அண்ட் டி, ஹாஸ்ப்ரோ பொம்மைக் கம்பெனி கையில் இருக்கு. ஷேர் மார்க்கெட்ல லிஸ்ட் ஆன கம்பெனி. ஒவ்வொரு காலாண்டுக்கும் வருமானம் காட்டணும். 2022 டிசம்பர்ல முதலீட்டாளர்கள் கூட்டத்தில், அப்போ இந்தப் பிரிவுக்குத் தலைவரா இருந்த சிந்தியா வில்லியம்ஸ், டி அண்ட் டி-யில் இருந்து எடுக்க வேண்டிய பணத்தை இன்னும் எடுக்கலைங்கிற அர்த்தத்தில் பேசினாங்க. விளையாடுறவங்கள்ல டி.எம்.கள் 20 சதவீதம் அளவுதான், ஆனா அதிகமா செலவு பண்றது அவங்கதான்னும் சொன்னாங்க.

இதைப் படிச்சப்போதான் எங்க டி.எம். ஞாபகம் வந்தது. பகடை, மேப், மூணு புக், சனிக்கிழமை சமோசா, எல்லாமே அவர் காசு. ரெண்டு வருஷமா நாங்க நாலு பேரும் கதாபாத்திரத்துக்குப் பேர் வெச்சதோட சரி.

2024-ல என்ன மாறிச்சு?

நல்ல மாற்றங்கள் இருக்கு, இல்லேன்னு சொல்ல மாட்டேன். ஒவ்வொரு ஆயுதத்துக்கும் தனி வித்தை வந்திருக்கு. ஒண்ணு எதிரியைக் கீழே தள்ளும், இன்னொண்ணு பின்னால நகர்த்தும். "வெட்டுறேன், வெட்டுறேன்"னு மட்டுமே சொல்லிக்கிட்டிருந்த ஃபைட்டருக்கு இப்போ யோசிக்க வேலை இருக்கு. கியூர் வூண்ட்ஸ் மந்திரத்துக்கு எட்டு முகப் பகடை முன்னாடி ஒண்ணு, இப்போ ரெண்டு. களைப்பு விதி எளிமையாகிடுச்சு. ஒவ்வொரு படிக்கும் பகடையில் 2 குறையும். ஹேண்ட்புக்கோட கடைசியில் விதிகளுக்கு ஒரு அகராதி சேர்த்திருக்காங்க. சண்டைக்கு நடுவுல தேடுறப்போ அதோட அருமை தெரியும்.

ஆனா தாக்கோவை நீக்கின மாதிரி அடித்தளத்தையே சரி பண்ற மாற்றம் இதில் ஒண்ணும் இல்ல. பழைய சாகசக் கதைகளைப் புது ரூல்ஸ்லயும் ஓட்டலாம்னு கம்பெனியே சொல்லுது. அப்படின்னா பழசு கெட்டுப்போகலைன்னுதானே அர்த்தம்? என் கருத்து, விளையாட்டுக்கு இந்த எடிஷன் தேவைப்படல. புத்தகத்துக்கு ஒரு நல்ல திருத்தப்பதிப்பு தேவைப்பட்டது, அது வந்திருக்கு.

முக்கியமான விஷயம் இனிமேதான். புது ரூல்ஸோட அடிப்படைப் பகுதி எஸ்.ஆர்.டி. 5.2-ங்கிற பேரில் 2025 ஏப்ரல்ல கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமா வெளிவந்திருக்கு. ஆயுத வித்தை, புது மந்திர அளவு எல்லாம் அதில் இருக்கு. 12 கிளாஸும் இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் ஒரே ஒரு உட்பிரிவு மட்டும். பி.டி.எஃப். இறக்கிக்கலாம், பிரிண்ட் எடுக்கலாம். ஒரு ரூபாய்கூட ஆகாது.

டிஜிட்டல்ல காசு கொடுத்து வாங்குறதா இருந்தா ஒண்ணு கவனிங்க. டி அண்ட் டி பியாண்ட் தளத்தில் வாங்குறப்போ உங்களுக்குக் கிடைக்கிறது படிக்கிற அனுமதிதான், ஃபைல் கிடையாது. 2024 ஆகஸ்ட்ல, கேரக்டர் ஷீட்ல இருக்கிற பழைய மந்திரங்கள், மாயப் பொருட்கள் எல்லாம் புது வெர்ஷனுக்கு மாறிடும்னு அறிவிச்சாங்க. காசு கொடுத்தவங்க கொந்தளிச்ச பிறகு, சில நாள்லயே அதை வாபஸ் வாங்கினாங்க. அலமாரியில் இருக்கிற பழைய புக்குக்கு இந்தப் பிரச்சனையே வராது.

அப்போ யார் வாங்கலாம்?

கையில் ஒரு புக்கும் இல்லாத புது கேங்கா இருந்தா, முதல்ல இலவச பி.டி.எஃப். வெச்சு நாலு வாரம் ஓட்டுங்க. அஞ்சாவது வாரமும் எல்லாரும் வந்தா 2024 ஹேண்ட்புக் ஒண்ணு வாங்குங்க. 2014 செட்டைத் தேடி அலைய வேண்டாம். ஏற்கெனவே வெச்சிருக்கவங்க, ஓடுற கதை முடியுற வரைக்கும் மாத்தாதீங்க. பாதிக் கதையில் ரூல் மாத்தினா, பழைய கணக்கை நம்பி கேரக்டரை வளர்த்தவர் கடுப்பாவார். மான்ஸ்டர் மேனுவல் மட்டும் ஆசையா இருக்குன்னா அதை மட்டும் வாங்கலாம். 500-க்கு மேல பிராணிகள் இருக்கு. டி.எம்.க்கு நிஜமாவே உதவும்.

எங்க கேங்கில் கார்ட்டைக் காலி பண்ணியாச்சு. பழைய ஹேண்ட்புக்கில் கியூர் வூண்ட்ஸ் பக்கத்தில் பென்சிலால "2 பகடை"ன்னு எழுதிட்டோம். ஆயுத வித்தை ரெண்டு பக்கம் பிரிண்ட் எடுத்து நடுவுல செருகியிருக்கு. மாசம் ஆளுக்கு 150 ரூபாய் ஒரு பொதுக் கணக்கில் போடுறோம், டி.எம்.க்கு மட்டும் விலக்கு. நாலு பேர் சேர்ந்து மாசம் 600. இப்போதைய கதை முடிய இன்னும் எட்டு மாசமாவது ஆகும்னு அவர் சொல்றார். அப்போ 4,800 ரூபாய் சேர்ந்திருக்கும். ஒரு புக்குக்குப் போதும். எந்த புக்குங்கிற சண்டையை அன்னிக்கு வெச்சுக்கலாம். சமோசாவுக்கு மட்டும் இந்த வாரத்தில் இருந்தே முறை போட்டாச்சு, முதல் வாரம் நான்தான்.