பேரிங் எஃகுக்குச் சூடு எழுதும் விதி

மோட்டார் சைக்கிள் சக்கரமோ, ஆலையின் பெரிய இயந்திரமோ, பேரிங்கில் குண்டும் தடமும் தொட்டுக்கொள்ளும் இடம் மிகமிகச் சிறியது. சுமை கூடும்போது அங்கே ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 200 கிலோ எடைக்கும் மேலான அழுத்தம் விழும். ஒரு முறையல்ல, கோடிக்கணக்கான முறை.

நூறாண்டுக்கும் மேலாக இதைத் தாங்கிவருவது பெரும்பாலும் ஒரே வகை எஃகுதான். அதில் சுமார் 1 சதவீதம் கார்பன், 1.5 சதவீதம் குரோமியம். அமெரிக்காவில் 52100 என்பார்கள், ஜப்பானில் எஸ்யூஜே2. அதற்கு மிக நெருக்கமான என்31 நம்மூர்ப் பட்டறைகளில் புழங்குகிறது. இரும்பு, குரோமியம், கார்பன் மூன்றும் சேர்ந்து உருவாகும் கார்பைடு மணிகள்தான் தேய்மானத்தைத் தடுக்கின்றன. அவை ஒரு மைக்ரானுக்கும் குறைவாக, உருண்டையாக, சீராகப் பரவியிருந்தால் பலம். பெரிதாகவும் கூர்முனையோடும் இருந்தால் அங்கேதான் விரிசல் தொடங்கும்.

பெரிய மணிகள் எங்கிருந்து வருகின்றன? குச்சி ஐஸை உறிஞ்சினால் இனிப்பும் சாயமும் முதலில் வாய்க்கு வந்துவிடும். வெறும் பனிக்கட்டி மிஞ்சும். முதலில் உறைந்த நீர், சர்க்கரையை இடுக்குகளுக்குத் தள்ளிவிட்டதே காரணம். உருகிய எஃகும் இப்படித்தான் உறைகிறது. கார்பனும் குரோமியமும் கடைசியாக உறையும் இடுக்குகளில் தேங்கி, அங்கே தடித்த கார்பைடுகளாகின்றன. உருட்டாலையில் நீட்டும்போது அவை பட்டை பட்டையாக இழுபடுகின்றன.

தென்னிந்திய ஊட்ஸ் உருக்கில் செய்த டமாஸ்கஸ் வாள்களின் நீரோட்ட வரிகளும் கார்பைடு பட்டைகளே. வனேடியம் போன்ற தனிமங்கள் மிகச் சிறிதளவு இடுக்குகளில் தேங்கியதே அவற்றுக்குக் காரணம் என்று உலோகவியலாளர் ஜான் வெர்ஹோவனும் கத்திக் கொல்லர் ஆல்ஃபிரெட் பென்ட்ரேயும் காட்டினார்கள். வாளுக்கு அழகு தந்தது பேரிங்குக்கு ஆபத்து.

இந்தப் பட்டைகளுக்கு மருந்து, 1200 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் பல மணி நேரம் ஊறவைப்பது. கார்பன் அணு வேகமாக நகரும். குரோமியம் மெல்ல ஊரும், அதனால்தான் அத்தனை நேரம். அவசரப்பட்டும் சூடேற்ற முடியாது. தேங்கிய இடங்கள் 1150 டிகிரிக்குச் சற்று முன்பின்னாகவே உருகத் தொடங்கிவிடும். உள்ளே ஓட்டை விழும். அதனால் முதலில் பொறுமையாகக் கரையவிட்டு, பிறகுதான் வெப்பத்தை உயர்த்த வேண்டும். வார்ப்புக் கட்டியை ஓரளவு உருட்டி மெலியவைத்தபின் ஊறவைப்பது புத்திசாலித்தனம்: அணு கடக்கும் தூரம் பாதியானால் நேரம் கால்வாசி போதும்.

உருட்டி முடித்தபின் 900 முதல் 700 டிகிரி வரை மெதுவாக ஆறவிட்டால், கார்பைடு வலை போலப் படிந்துவிடும். அந்தக் கட்டத்தை விரைவாகக் கடக்க வேண்டும். அடுத்து 790 டிகிரி வாக்கில் அனீலிங் செய்து மெல்ல ஆறவைத்தால் கார்பைடுகள் சிறு உருண்டைகளாகும். எஃகும் லேத்தில் கடையும் அளவுக்கு மென்மையாகும்.

கடைசியில் ஹார்டனிங். 840 டிகிரியில் சூடாக்கி எண்ணெயில் தோய்த்து, பிறகு 160 டிகிரி அளவில் டெம்பரிங். ஏறக்குறைய 0.6 சதவீதக் கார்பன் மட்டுமே எஃகில் கரைய வேண்டும். மிச்சம் மணிகளாகவே நிற்க வேண்டும். 40 டிகிரி கூடிப்போனால் கார்பன் அதிகம் கரைந்து, ஆஸ்டினைட் என்ற உயர்வெப்ப அமைப்பு மாறாமல் மிஞ்சும். பின்னாளில் அது மெல்ல மாறும்போது வளையம் மைக்ரான் கணக்கில் வீங்கும்.

இந்த 840 டிகிரி வெப்பம், வார்ப்பிலேயே பிறந்த தடித்த கார்பைடுகளைக் கரைக்காது. உருக்காலை விட்ட குறையைப் பட்டறை உலை தீர்க்க முடியாது என்பது இதனால்தான்.

எஃகோடு வரும் ரசாயனச் சான்றிதழ் சராசரியைத்தான் சொல்லும். ஒரு துண்டை வெட்டி, கண்ணாடிபோல் மெருகேற்றி, நைட்ரிக் அமிலம் கலந்த ஆல்கஹாலைத் தடவி, நுண்ணோக்கியில் 500 மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால், கார்பைடு மணிகளும் பட்டைகளும் தெரிந்துவிடும். எஃகு வாங்கும் பட்டறைக்காரர்கள் அந்தப் படத்தையும் கேட்டு வாங்குங்கள்.