கறையான் தின்ற வீட்டைத் திருத்துதல்

ஐப்பசி மழை தொடங்கியதும் விளக்கைச் சுற்றி ஈசல் பறப்பதைக் காண்கிறோம். ஈசல் வேறு, கதவு நிலையைத் தின்னும் கறையான் வேறு என நம்மிற் பலர் எண்ணுகிறோம். இரண்டும் ஒன்றே. புதுப் புற்று அமைப்பதற்காகச் சிறகு முளைத்துப் புறப்படும் கறையானே ஈசல். வெளியிலிருந்து விளக்கை நாடி வரும் ஈசலைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. ஆனால், வீட்டுத் தரை வெடிப்பிலிருந்தோ நிலைக்காலின் அடியிலிருந்தோ ஈசல் கிளம்பினால், கறையான் வீட்டினுள் குடியேறிவிட்டது என்று கொள்ள வேண்டும்.

போரினால் பல ஆண்டுகள் ஆளில்லாமற் கிடந்த வீடுகளுக்கு 2009இன் பின்னர் திரும்பிய குடும்பங்களுக்கு இது நன்கு தெரியும். அறைக்குள்ளே புற்று எழுந்திருந்தது. எஞ்சியிருந்த கதவும் கைமரமும் கைபட்டதும் உதிர்ந்தன. ஆனால், ஆட்கள் வாழும் வீட்டிலும் கறையான் இதே வேலையைத்தான் செய்கிறது. சத்தமின்றிச் செய்வதால் நாம் அறிவதில்லை.

கறையானைக் கண்டதும் மண்ணைத் தட்டிவிட்டு மண்ணெண்ணெய் ஊற்றுகிறோம். தின்ற பலகையைக் கழற்றிப் புதிய பலகை அடிக்கிறோம். சில காலத்தில் புதிய பலகையும் போய்விடுகிறது. காரணம், மரத்தில் நாம் காண்பவை இரை தேடி வந்த வேலைக்காரக் கறையான்கள் மட்டுமே. அரசி நிலத்துக்குள் இருந்து முட்டையிட்டுக்கொண்டே இருக்கிறது. ஆகவே, முதலில் ஈரத்தை நீக்க வேண்டும். அடுத்து வழியை மறிக்க வேண்டும். அதன் பின்னரே மரத்தை மாற்ற வேண்டும். இந்த ஒழுங்கு மாறினால் செலவழித்த பணம் வீண்.

எப்படி அறிவது?

நிலக் கறையானின் உடல் மென்மையானது. வெயிலும் காற்றும் பட்டால் விரைவில் உலர்ந்து இறந்துவிடும். எனவே அது மண்ணினாற் குழாய் கட்டி அதனுள்ளேயே நடமாடும். பென்சிற் பருமனான இந்த மண் குழாய்களைச் சுவரின் அடியிலும், அலுமாரிக்குப் பின்னும், குளியலறைச் சுவரிலும், கைமரம் சுவரில் தங்கும் இடத்திலும் தேட வேண்டும். ஒரு குழாயின் நடுவில் ஓரங்குலம் உடைத்துவிட்டு மூன்று நாளின் பின் பாருங்கள். மீண்டும் கட்டியிருந்தால் கறையான் நடமாட்டம் உண்டு. கட்டாவிட்டால் போய்விட்டது என முடிவு செய்ய வேண்டாம். வேறு வழி பிடித்திருக்கலாம்.

மரத்தைத் திருப்புளியின் பிடியினால் தட்டிப் பாருங்கள். நல்ல மரம் கணீரெனக் கேட்கும். தின்ற மரம் வெற்றுப் பெட்டி போல ஒலிக்கும். கறையான் மேற்பூச்சையும் மெல்லிய தோலையும் விட்டு உள்ளே தின்னும். திருப்புளியின் நுனியை அழுத்தினால் உள்ளே இறங்கும்.

எல்லாச் சேதமும் நிலக் கறையானின் வேலையல்ல. குண்டூசித் துளைகளும் மாப்போன்ற தூளும் இருந்தால் அது வண்டு துளைத்து உளுத்த மரம். கடுகைவிடச் சிறிய, மணல் போன்று உருளும் எச்சம் குவிந்திருந்தால் அது உலர்மரக் கறையான். இது மண்ணுடன் தொடர்பின்றி மரத்துக்குள்ளேயே வாழும். ஆகையால் நிலத்துக்கு மருந்திடுவதாற் பயனில்லை. அந்த மரத்தையே கவனிக்க வேண்டும்.

ஈரத்தையும் வழியையும் அகற்றுதல்

1. ஒழுகும் ஓட்டையும் பீலியையும் குழாயையும் முதலிற் திருத்துங்கள்.

2. சுவரோடு அடுக்கிய விறகு, பழைய பலகை, கிடுகு ஆகியவற்றை அப்புறப்படுத்துங்கள். வேலியின் கிடுகு சுவரில் முட்டாதிருக்கட்டும்.

3. அத்திவாரத்தை மறைத்துக் குவிந்துள்ள மண்ணை வெட்டி அகற்றுங்கள். அத்திவாரம் கண்ணுக்குத் தெரிந்தால் புதிய மண் குழாயும் தெரியும்.

4. தரை வெடிப்புகளைச் சீமெந்தினால் அடையுங்கள். ஒரு மில்லிமீற்றர் வெடிப்பே கறையானுக்குப் போதும். ஆகவே, சீமெந்துத் தரை இருக்கிறதே என்று நம்பியிருக்க முடியாது.

மருந்து பற்றிய எச்சரிக்கை

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. சுண்ணாம்புக் கல்லினிடையே தேங்கும் மழைநீரே நமது கிணற்று நீர். சுவரோரத்தில் ஊற்றும் நஞ்சும் கழிவு எண்ணெயும் அந்த நீரையே சென்றடையலாம். கறையானுக்காக முன்னர் பெருமளவிற் பயன்பட்ட அல்ட்ரின், டீல்ட்ரின், குளோர்டேன் ஆகியவை மண்ணில் நெடுங்காலம் அழியாமல் நிற்பவை. 2001ஆம் ஆண்டின் ஸ்டொக்ஹோம் உடன்படிக்கையில் ஒழிக்கப்பட வேண்டிய நஞ்சுகளாக இவை சேர்க்கப்பட்டன. வீட்டு மூலையில் பழைய போத்தலில் எஞ்சியுள்ள பெயர் தெரியாத மருந்தை எக்காரணம் கொண்டும் பாவிக்க வேண்டாம். 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைநாசினிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்ற மருந்தை, பயிற்சி பெற்றவரைக் கொண்டே இடுவியுங்கள். கிணறு எங்கே உள்ளதென்பதை வேலை தொடங்குமுன் அவருக்குக் காட்டுங்கள்.

மரத்தைத் திருத்துதல்

கதவு நிலையின் அடிப்பகுதி மட்டும் பழுதாகியிருந்தால் முழு நிலையையும் கழற்ற வேண்டியதில்லை. நல்ல மரம் தெரியும் வரை வெட்டி, மேலும் அரையடி மேலே சென்று, புதிய துண்டைப் பாதிக்குப் பாதி பொருத்தி இணைக்கலாம். புதிய கால் மண்ணைத் தொடாமற் சீமெந்துக் கட்டையின் மேல் நிற்கட்டும்.

கூரையின் விடயம் வேறு. கைமரமோ வளையோ தின்னப்பட்டிருந்தால் கீழிருந்து முட்டுக் கொடுக்காமல் ஓட்டிற் கை வைக்கக் கூடாது. சிறிதளவே பழுதான கைமரத்தின் பக்கத்தில் புதிய மரத்தைச் சேர்த்துப் போல்ட் இறுக்கலாம். சுவரில் தங்கும் முனை பழுதானால் அதை மாற்றியே ஆக வேண்டும். கூரை தாழ்ந்தோ ஓட்டு வரிசை வளைந்தோ தெரிந்தால், அதன் கீழ்ப் பிள்ளைகளைப் படுக்க விடாமல் உடனே தச்சரை அழையுங்கள்.

மாற்றும் மரம் வைரம் பாய்ந்ததாக இருக்க வேண்டும். முற்றிய பனை, முதிரை, பாலை, தேக்கின் வைரம் ஆகியவை கறையானை எதிர்த்து நிற்கும். இளம் பனையும், எந்த மரத்தினதும் வெள்ளைப் பகுதியும் நிலைக்கா. மழை படாத உட்புற மரத்துக்கு வெண்காரமும் போரிக் அமிலமும் கலந்த நீரைப் பூசலாம். மழை பட்டால் அது கழுவுண்டு போகும்.

இறுதியாக, கடதாசியும் கறையானுக்கு மரம் போன்றதே. காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ் முதலியவற்றைத் தகரப் பெட்டியில் இட்டு, சுவரிலிருந்து விலக்கி, மேசை மேல் வையுங்கள். நிலையையும் கைமரத்தையும் பணம் கொடுத்து மாற்றலாம். மூல உறுதி போனால், காணி நம்முடையதென்று காட்ட அலுவலகம் அலுவலகமாக அலைய நேரிடும். ஆண்டுக்கு இரு தடவை, மாரிக்கு முன்னும் பின்னும், ஒரு விளக்கும் திருப்புளியும் கொண்டு வீட்டைச் சுற்றி வருவதற்கு ஒரு மணி நேரம் போதும்.